பிளாஸ்டிக் அடைப்பெட்டி: முட்டையிட வாங்கலாம், அடை வைக்க யோசியுங்கள்

கோழியை அடை வைப்பதற்கென்றே தனியாக ஒரு பெட்டி இணையத்தில் விற்கிறார்கள். பச்சை நிறம், சாய்வான மூடி, முன்பக்கம் வட்ட வாசல், உள்ளே புல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் மெத்தை. என் மகன் போனில் பார்த்துவிட்டு 1,150 ரூபாய்க்கு வரவழைத்தான். தை மாதம் வந்தது, ஆடி முடியும் வரை அதில் கோழி முட்டையிட்டது, அடை உட்கார்ந்தது, குஞ்சும் பொரித்தது. வாங்கின இடத்தில் நட்சத்திரம் போட்டு இரண்டு வரி எழுதச் சொல்கிறார்கள். இரண்டு வரியில் அடங்குகிற விஷயம் இல்லை என்பதால் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது திண்டுக்கல் மாவட்டம், வடமதுரைப் பக்கம். பண்ணை எல்லாம் கிடையாது. தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே வாசலில் கண் வைத்துக்கொள்ளும் அளவுக்குக் கொஞ்சம் கோழிகள், எல்லாமே சிறுவிடை என்கிற சின்ன உடம்பு நாட்டுக்கோழி. வனராஜா, கிரிராஜா மாதிரி மேம்படுத்திய இனக் கோழி வைத்திருப்பவர்கள் இந்த விமர்சனத்தைப் படிக்கவே தேவையில்லை, அவை அடை உட்காருவது அபூர்வம். முட்டைக்கும் கறிக்கும் தேர்ந்து தேர்ந்து பெருக்கிய இனங்களில் அந்தக் குணம் போய்விட்டது. சிறுவிடை அப்படியில்லை. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டுவிட்டு உட்கார்ந்துவிடும். வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை இது நடக்கும். அதனால் எங்கள் வீட்டில் ஏதாவது ஒரு மூலையில் எப்போதும் ஓர் அடைக்கோழி முறைத்துக்கொண்டு இருக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

கோழி அதில் நம்பி முட்டையிட்டது. புதுச் சாமான் என்றால் கோழி கிட்டவே வராது என்று அத்தை சொன்னார். என் மாமியார், கோழி விஷயத்தில் எங்கள் தெருவுக்கே அவர்தான் நீதிபதி. பெட்டியைத் திண்ணை ஓரம் இருட்டான மூலையில் வைத்து, மெத்தைக்கு மேல் கொஞ்சம் வைக்கோலைப் போட்டு, ஒரு பழைய முட்டையைக் குறியாக வைத்தேன். செவலைதான் முதலில் எட்டிப் பார்த்தது. வட்ட வாசலுக்குள் தலையை விட்டது, எடுத்தது, சுற்றி வந்தது, கடைசியில் உள்ளே போய்த் திரும்பி வாசலைப் பார்த்து உட்கார்ந்தது. முன்பக்கம் மட்டும் திறந்து மற்ற மூன்று பக்கமும் மறைவாக இருப்பது கோழிக்குப் பிடித்திருக்கிறது. இந்த வடிவமைப்பைச் செய்தவர் முட்டையிடும் கோழியைக் கவனித்தவர்தான், சந்தேகமில்லை.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. கோழி எங்கே முட்டையிடுகிறதோ அங்கேயேதான் அடையும் உட்காரப் பார்க்கும். மாட்டுக் கொட்டகைப் பரணிலோ விறகுக் குவியலுக்குப் பின்னாலோ இட்டுப் பழகிய கோழியை எடுத்து வேறிடத்தில் வைத்தால் பாதிக் கோழிகள் இரண்டே நாளில் எழுந்து பழைய இடத்துக்கே ஓடிவிடும். பெட்டியில் இட்டுப் பழகிய கோழிக்கு அந்தத் தொல்லை இல்லை. இடம் மாற்ற வேண்டுமென்றாலும் ராத்திரி நன்றாக இருட்டின பிறகு பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகலாம், பக்கவாட்டில் பிடி இருக்கிறது. கோழி உள்ளே முணுமுணுத்துக்கொண்டே வரும். அவ்வளவுதான்.

மூன்றாவது, செல்லு. இதுதான் பெட்டியின் உண்மையான பலம். மூங்கில் கூடையில் பின்னலுக்கு நடுவே, முடிச்சுக்குள், கோழிச்செல்லு என்கிற பொடி உண்ணி ஒளிந்துகொள்ளும். பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி வெளியே வந்து உட்கார்ந்திருக்கிற கோழியின் ரத்தத்தைக் குடிக்கும். சும்மா மேயும் கோழியாவது மண்ணைக் குடைந்து குளித்து உதறித் தப்பித்துக்கொள்ளும். அடைக்கோழி இருபத்தொரு நாள் அசையாமல் ஒரே இடத்தில் இருக்கிறது, செல்லுக்கு அதைவிட நல்ல விருந்து கிடைக்காது. கொண்டை வெளுத்து, இளைத்து, ஒரு கட்டத்தில் முட்டையை விட்டுவிட்டு எழுந்துபோகிற கோழிகளைப் பார்த்திருக்கிறேன். கோழிக்குப் பொறுப்பில்லை என்று திட்டுவார்கள். கூடையைத் தூக்கி வெயிலில் தட்டிப் பார்த்தால் காரணம் கொட்டும். பிளாஸ்டிக் பெட்டியில் இந்த வம்பு பெரிதாக இல்லை. ஓர் அடை முடிந்ததும் திருகாணியைக் கழற்றி, வெந்நீர் ஊற்றித் தேய்த்து, வெயிலில் காய வைத்தால் முடிந்தது. பின்பக்கம் மூடி சேருகிற இடுக்கை மட்டும் பழைய பல்துலக்கியால் தேயுங்கள்.

நல்லது இத்தோடு சரி. இனி அடைக்கு வருவோம்.

பெட்டியோடு ஒரு காகிதம் வருகிறது. ஆங்கிலத்திலும், யாரோ எப்படியோ போட்ட தமிழிலும். "20 முட்டைகள் வரை அடை வைக்கலாம்" என்று அதில் இருக்கிறது. பெட்டிக்குள் இருபது முட்டை கொள்ளும், வாஸ்தவம். கோழிக்குக் கீழே கொள்ள வேண்டாமா? ஒரு சிறுவிடை பத்து முட்டையை, நல்ல பெரிய உடம்புக்காரி என்றால் பன்னிரண்டை மூடும். அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைதானே வீணாகும், நடுவில் இருப்பது பொரிக்கும் என்று நினைப்பார்கள். அப்படி நடக்காது. கோழி ஒரு நாளைக்குப் பல தடவை அலகால் முட்டைகளைப் புரட்டி, நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆக எல்லா முட்டையும் முறை வைத்துக் குளிரும். இருபது வைத்து ஐந்து பொரிப்பதைவிடப் பதினொன்று வைத்து ஒன்பது பொரிப்பது மேல். பதினொன்று என்பது அத்தையின் கணக்கு. ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும் என்பார். அதற்குக் காரணம் கேட்டால் முறைப்பார்.

அதே காகிதம், "முட்டைகளைச் சுத்தமாகக் கழுவி உலர்த்திய பின் வைக்கவும்" என்கிறது. தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள். முட்டையின் ஓட்டுக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன, கரு அவற்றின் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. அந்தத் துளைகள் வழியே கிருமி உள்ளே போகாமல் காப்பது இந்தப் பூச்சு. கழுவினால் அது போய்விடும், ஈரத்தோடு அழுக்கும் உள்ளே இறங்கும். எச்சம் ஒட்டிய முட்டையைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், சுத்தமானதை மட்டும் அடைக்கு வையுங்கள். இட்டு ஒரு வாரத்துக்குள் இருக்கிற முட்டையாகவும் இருக்கட்டும். எங்கள் ஊர் வெயிலில் நான் ஐந்து நாளுக்கு மேல் போவதில்லை. ஒரு மண்பானையில் பாதி வரை ஈர மணல், அதன் மேல் ஒரு துணி, துணியின் மேல் முட்டையை அகன்ற பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, பானை வாயை இன்னொரு துணியால் கட்டி அடுப்பங்கரைக்கு எதிர்மூலையில் வைத்துவிடுவேன். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த கடை முட்டையை அடை வைத்துப் பார்க்கலாமா என்று யாராவது கேட்பார்கள். கடைக்கு வரும் பண்ணை முட்டை சேவல் இல்லாமல் இட்டது. அதை எவ்வளவு நாள் காத்தாலும் கூமுட்டைதான்.

இப்போது பெட்டியின் தரை. இங்கேதான் எனக்குக் கோபமே வந்தது.

தரை தட்டையாக இருக்கிறது. தட்டைத் தரைக்கு மேல் வழுக்குகிற பிளாஸ்டிக் புல். கோழி உள்ளே காலெடுத்து வைத்ததும் முட்டை நாலு மூலைக்கும் உருண்டு போகிறது. கோழி தானாகக் கூடு பறிக்கும்போது கவனித்திருப்பீர்கள், மண்ணில் நெஞ்சை அழுத்திச் சுற்றிச் சுற்றி ஒரு குழி பண்ணும். குழியில் இருந்தால்தான் முட்டைகள் தானாக நடுவில் வந்து ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். அடைக்கோழியின் வயிற்றில் இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரியும், தொட்டால் கொதிக்கும். முட்டை அந்தத் தோலில் படவேண்டும். முட்டைக்கு மட்டும் அல்ல, கோழிக்கும் அது வேண்டும். வயிற்றில் முட்டை படுகிற அந்த ஸ்பரிசம்தான் அடை உணர்வைத் தூண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோனின் சுரப்பைத் தொடர்ந்து வைத்திருக்கிறது என்று எங்கள் கால்நடை மருத்துவர் சொன்னார். மூலைக்கு மூலை முட்டை ஓடினால் கோழி நாள் முழுக்க அவற்றை அலகால் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த இழுப்பில் ஒன்றோடொன்று மோதி விரிசல் விடுகிறது.

இதற்கு நான் செய்த வைத்தியம்: மெத்தையை எடுத்துப் பரணில் போட்டேன். தரையில் வடிகால் ஓட்டைகள் இருப்பதால் முதலில் ஒரு கோணிச் சாக்கை மடித்து விரித்தேன். அதற்கு மேல் மூன்று விரற்கடை உயரத்துக்கு ஆற்று மணல். மணலை முஷ்டியால் அழுத்தி ஒரு குழி, குழிக்கு மேல் கசக்கிய வைக்கோல். அத்தை வந்து பார்த்து, வழக்கப்படி ஓர் இரும்பு ஆணி, இரண்டு வரமிளகாய், ஒரு கரித்துண்டு மூன்றையும் ஓரத்தில் செருகினார். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகாமல் இருக்க. இதனால் நன்மை இருக்கிறதோ இல்லையோ கெடுதல் ஒன்றும் கிடையாது, வீட்டில் சமாதானமும் நிலைக்கும். இவ்வளவையும் செய்த பிறகுதான் அது அடை வைக்கிற இடம் மாதிரி ஆனது. மணலும் சாக்கும் வைக்கோலும் என்னுடையவை. 1,150 ரூபாய் கொடுத்து வாங்கியது நாலு சுவரும் ஒரு கூரையும்.

கூரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூடி மேலே திறக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். குனியாமல் முட்டை எடுக்கலாம், முட்டையிடும் காலத்தில் வசதியாகத்தான் இருந்தது. அடை உட்கார்ந்த பிறகு அதே மூடி எதிரியாகிவிட்டது. கோழிக்கு ஆபத்து வருவது மேலிருந்து. பருந்தும் வல்லூறும் மேலிருந்துதான் இறங்கும். தலைக்கு மேல் திடீரென்று வெளிச்சம் விழுந்து ஒரு கை இறங்கினால் எந்தக் கோழியும் துள்ளும், துள்ளினால் முட்டை நசுங்கும். முன்பக்கமாக, தரையோடு கையைக் கொண்டுபோய், பேச்சுக் கொடுத்துக்கொண்டே மெதுவாகக் கையை வயிற்றுக்குக் கீழே விட்டால் கொத்தும், ஆனால் எழாது. கொத்துக்குப் பயந்தவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளலாம். வட்ட வாசலோ என் முழங்கை வரை போக இடம் தருவதில்லை. ஆக மூடியைத் திறக்காமல் முடியாது. ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டுத் திறந்தால் பரவாயில்லை.

ஏழாம் நாள் ராத்திரி எப்படியும் திறந்தாக வேண்டும், முட்டைக்கு வெளிச்சம் பார்க்க. இதற்கென்று தனி விளக்கு விற்கிறார்கள், வாங்காதீர்கள். அட்டையைச் சுருட்டிக் குழாய் பண்ணி, போன் டார்ச்சின் மேல் வைத்து, அதன் வாயில் முட்டையின் அகன்ற பக்கத்தைப் பொருத்தினால் போதும். கரு கூடியிருந்தால் நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து கிளை பிரிந்து ஓடுகிற சிவப்பு நரம்புகளும் தெரியும். ஒன்றும் இல்லாமல் மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தால் கரு கூடவில்லை, எடுத்துவிடுங்கள். சிவப்பாக ஒரு வளையம் மட்டும் தெரிந்தால் கரு கூடி இடையில் செத்துவிட்டது என்று பொருள். அதையும் எடுத்துவிட வேண்டும், விட்டால் அழுகி, வெடித்து, மற்ற முட்டைகளையும் நாசமாக்கும். அந்த நாற்றத்தைப் பிளாஸ்டிக்கிலிருந்து எடுப்பது சுலபம் என்பதையும் பெட்டியின் கணக்கில் ஒரு நல்லதாக எழுதிக்கொள்ளலாம்.

வாசலுக்குக் கதவு இல்லை. இது பெரிய குறை. ஒரு கோழி உட்கார்ந்திருக்கும் கூட்டைப் பார்த்தால் மற்றக் கோழிகளுக்கும் அங்கேதான் முட்டையிடத் தோன்றும். செவலை உள்ளே இருக்கும்போதே கருப்பி அதன் முதுகில் ஏறி நின்று இட்டுவிட்டுக் கொக்கரித்துக்கொண்டு வெளியே வரும். அப்படிச் சேர்ந்த புது முட்டை இருபத்தொன்றாம் நாள் பொரிக்காது. அதற்குள் மற்றவை பொரித்து, கோழி குஞ்சுகளோடு எழுந்துவிடும், புதியது பாதிக் கருவோடு குளிர்ந்து போகும். வைக்கும்போதே எல்லா முட்டையிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள், கோடு இல்லாதது அன்றன்றைக்கு அடுப்படிக்குப் போகட்டும். பேனா வேண்டாம், மை உள்ளே இறங்கும். வாசலுக்கு நான் ஒரு பலகையைச் சாய்த்து, பகலில் மற்றக் கோழிகள் இடும் நேரம் முடியும் வரை அடைத்து வைக்கிறேன். ராத்திரியும் பலகை உண்டு, கீரிக்கும் பூனைக்கும் பயந்து. சாரைப்பாம்புக்குப் பலகை போதாது, பலகைக்கும் வாசலுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் அதற்குப் போதும். ஒரு கதவும் கொண்டியும் வைக்க அவர்களுக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்?

பெட்டிக்குள்ளேயே தீனிக்கு ஒரு கிண்ணம் பொருத்தியிருக்கிறார்கள். விளம்பரத்தில் இதைப் பெரிதாகப் போடுகிறார்கள். அடைக்கோழி எழுந்து அலைய வேண்டாம், உட்கார்ந்த இடத்திலேயே தின்னட்டும் என்ற இரக்கம். இந்த இரக்கம் கோழிக்கு ஆகாது. அடைக்கோழி நாளைக்கு ஒரு தடவை எழுந்து வெளியே வர வேண்டும். நாள் முழுக்க அடக்கி வைத்திருந்த எச்சத்தை, அது ஒரு கைப்பிடி இருக்கும், நாற்றம் தாங்காது, வெளியே போட வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும், தீனி எடுக்க வேண்டும், சாம்பலும் மண்ணும் கலந்த இடத்தில் புரண்டு இறகை உதற வேண்டும். கால் மணி நேரம், இருபது நிமிஷத்தில் தானே திரும்பிவிடும். அந்த நேரத்தில் முட்டை கொஞ்சம் ஆறுவதால் ஒன்றும் கெடாது. தீனி உள்ளேயே இருந்தால் எழுந்திருக்காமல் கூட்டுக்குள்ளேயே கழியும், முட்டை முழுக்க அழுக்காகும். அதைவிட மோசம், சிந்தின தீனிக்கு எறும்பு வரும். முட்டையைக் கொத்தித் துளை போட்டுக் கொண்டிருக்கும் குஞ்சை எறும்பு மொய்த்தால் அது வெளியே வராது. கிண்ணத்தை முதல் நாளே கழற்றிவிடுங்கள். வெளியே கம்பு, சோளம், கொஞ்சம் நெல், பக்கத்தில் தண்ணீர். ஈரத் தீனி வேண்டாம், கழிச்சல் ஆகும். சில கோழிகள் எழவே எழாது. செவலை அந்த ரகம். காலையில் நானே தூக்கித் தீனிக்கு முன்னால் விடுவேன். தூக்கும்போது இறக்கைக்குள் முட்டை ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று தடவிப் பார்த்துத்தான் தூக்க வேண்டும். விட்ட இடத்தில் ஒரு நிமிஷம் பிரமை பிடித்தவளாக நிற்கும், அப்புறம் சுதாரித்துக்கொண்டு விழுந்து விழுந்து தின்னும்.

வெயிலுக்கு வருகிறேன். தையில் வைத்த அடை நன்றாகப் பொரித்தது. அதே பெட்டியில் சித்திரையில் வைத்தபோதுதான் அதன் சாயம் வெளுத்தது. காற்றுக்கு என்று பின்சுவரில் மேலே நாலு கீற்று, அவ்வளவே. மத்தியானம் உள்ளே கையை விட்டால் அடுப்புப் பக்கம் கையை நீட்டின மாதிரி இருக்கிறது. கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது, முட்டையை விட்டு எழுந்து வாசலில் நிற்கிறது. முட்டைக்கு வேண்டியது முப்பத்தேழரை டிகிரி வெப்பம். அது குறைந்தால் கோழி சரிக்கட்டிக்கொள்ளும், கூடினால் கோழியால் ஒன்றும் செய்ய முடியாது. நாற்பதைத் தாண்டி நெடுநேரம் நின்றால் கரு செத்துவிடும். மூங்கில் கூடையில் நாலு பக்கமும் காற்று நுழையும். மண்சட்டியில் மணலை ஓரத்தில் நனைத்துவிட்டால், அந்த ஈரம் ஆவியாகும்போது சட்டியும் குளிரும், முட்டைக்கு வேண்டிய ஈரப்பதமும் கிடைக்கும். பிளாஸ்டிக் ஈரத்தையும் வாங்காது, சூட்டையும் விடாது. பெட்டியை வேப்பமரத்தடிக்கு மாற்றி, மேலே நனைத்த சாக்கைப் போட்டு, பின்சுவரில் மகனை விட்டு ஓட்டை போடச் சொன்ன பிறகுதான் மூச்சு விட முடிந்தது. கோடையில் பொதுவாகவே அடை வைக்காமல் இருப்பது நல்லது. கோழி கேட்டால்தானே? உட்கார்ந்துவிட்டால் உட்கார்ந்ததுதான்.

கடைசியாக, குஞ்சு. இந்தப் பெட்டி செய்தவர் ஒரு தடவையாவது இதில் குஞ்சு பொரிக்க வைத்துப் பார்த்திருந்தால் அந்த வாசற்படியை இப்படி வைத்திருக்க மாட்டார்.

வட்ட வாசல் தரையிலிருந்து அரை ஜாண் உயரத்தில் இருக்கிறது. முட்டை வெளியே உருளாமல் இருக்க அது வேண்டும், சரி. இருபதாம் நாள் ராத்திரியே முட்டைக்குள்ளிருந்து சத்தம் கேட்கும். கோழியும் அடித்தொண்டையில் பதில் சொல்லும். அந்த நேரத்தில் மூடியைத் திறக்கவே கூடாது, ஓட்டை உடைத்து உதவுகிறேன் என்று யாரும் கிளம்பவும் கூடாது. ஓட்டுக்கு அடியில் உள்ள சவ்வில் இன்னும் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் கொட்டிச் சாகும். எல்லாம் ஒரே நேரத்தில் பொரிக்காது, முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் ஒரு நாள் வித்தியாசம்கூட வரும். கோழி மிச்ச முட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்க, முதலில் வந்த குஞ்சுகள் இறகு காய்ந்ததும் வெளிச்சத்தைப் பார்த்து வாசலுக்கு வருகின்றன. மணலும் வைக்கோலும் போட்டு உள்தரை உயர்ந்திருப்பதால் எம்பி வெளியே விழுந்துவிடுகின்றன. வெளிப்பக்கம் முழு அரை ஜாண் சுவர். திரும்ப ஏற முடியாது. வெளியே நின்று கத்தும். கோழி உள்ளே தவிக்கும், எழுந்து வந்தால் பொரிக்காத முட்டை ஆறும், எழாவிட்டால் குஞ்சு குளிரில் விறைக்கும். பக்கத்தில் ஆள் இருந்ததால் எடுத்து எடுத்து உள்ளே விட்டோம். ஆள் இல்லாத வீட்டில் காக்கைக்குத்தான். வாசலுக்கு வெளியே செங்கல்லை வைத்து மண்ணைச் சரிவாகக் கொட்டின பிறகு பிரச்சினை தீர்ந்தது. தாழ்த்திக்கொள்கிற மாதிரி ஒரு தடுப்பு வைத்திருந்தால் இந்தச் செங்கல் வேலையே வேண்டாம்.

பொரித்த குஞ்சுகள் வயிற்றில் மஞ்சள் கருவோடு வருவதால் முதல் நாள் தீனி தேவையில்லை. மறுநாள் உடைத்த குருணையும் கேழ்வரகும், ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்ட தண்ணீரும். அதன் பிறகு பெட்டிக்கு வேலையில்லை, பஞ்சாரத்துக்குத்தான், அதாவது கவிழ்த்து மூடும் மூங்கில் கூடைக்குத்தான் வேலை. ஏழாம் நாளில் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் விடுகிற சொட்டு மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு குப்பியில் நூறு குஞ்சுக்கான மருந்து இருக்கும், அக்கம்பக்கத்தில் குஞ்சு வைத்திருப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு போனால் வீணாகாது.

இன்குபேட்டரே வாங்கிவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: நூறு முட்டை வைக்கிறவர் வாங்கட்டும். பத்துப் பதினைந்து முட்டைக்குக் கரண்டையும் நம்பி, பொரித்த பிறகு குஞ்சுக்கு வெப்பத்துக்கு பல்பையும் எரித்து, பருந்து வந்தால் நாமே ஓடி... கோழி இதையெல்லாம் ஒரு கைப்பிடிக் கம்புக்குச் செய்கிறது.

இந்த விலைக்கு மாற்று என்ன என்றால், அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் மண்சட்டி 120 ரூபாய்க்கு வாங்கினேன், வாய் அகலமாக, குழி ஆழமில்லாமல் பார்த்து. குஞ்சுகள் அதன் விளிம்பைத் தாண்டித் திரும்பி ஏறிவிடுகின்றன. மேலே கவிழ்க்க வீட்டில் இருக்கிற பஞ்சாரம். வைப்பதற்கு முன்னால் பஞ்சாரத்தைச் சாணி மெழுகி வெயிலில் போட்டால் செல்லுத் தொல்லையும் பாதி குறையும். இப்போது செவலையும் கருப்பியும் முட்டையிடுவது பச்சைப் பெட்டியில். அடை சொல்ல ஆரம்பித்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, ராத்திரியும் எழாமல் இரண்டு நாள் கிடந்தால் அடை உறுதி. அன்று இருட்டின பிறகு சட்டிக்கு மாற்றுகிறேன், பெட்டியில் கிடந்த அதே வைக்கோலையும் அள்ளிப் போட்டு. இதுவரை எழுந்து ஓடவில்லை.

என் நட்சத்திரம்: முட்டையிட என்றால் நான்கு. அடைக்கு என்றால் ஒன்றரை, அந்த ஒன்றரையும் செல்லு சேராததற்கு. மாடி வீட்டில், மண்ணே இல்லாத இடத்தில் நாலு கோழி வைத்திருப்பவர்கள் வாங்கலாம், மணல் மூட்டை ஒன்றும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

விற்றவர்களுக்கு வாசற்படி பற்றி எழுதினேன். "குஞ்சுகள் வளர்ந்ததும் தாமாகவே தாண்டும்" என்று பதில் வந்தது. திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டதற்கு, பொருள் கையில் கிடைத்த 10 நாளுக்குள் மட்டும்தான் என்றார்கள். கோழி அடை இருப்பது 21 நாள். ஆகவே வாங்குகிறவர்கள் பெட்டி வந்த அன்றே நாலு முட்டையை உள்ளே போட்டுத் தரையை லேசாக ஆட்டிப் பாருங்கள், வாசற்படியை வெளிப்பக்கமாக அளந்து பாருங்கள், மத்தியான வெயிலில் மூடியை மூடி வைத்து அரை மணி கழித்து உள்ளே கையை விட்டுப் பாருங்கள். கோழி இல்லாமலேயே இவ்வளவும் தெரிந்துவிடும். அட்டைப் பெட்டியையும் அதுவரை கிழிக்காதீர்கள், அது இல்லாமல் திருப்பி எடுக்க மாட்டார்களாம்.